பகிர் பொத்தானின் முப்பது ஆண்டுகள்

2012 ஜூன் 30-ஆம் தேதியோடு ஆப்பிள் நிறுவனம் தன் மொபைல்மீ சேவையை மூடியது. மாக் கணினி வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கு 99 டாலர் கட்டி அதில் இடம் எடுத்திருந்தார்கள். பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தது, பள்ளி நாடகம், பாட்டியின் பிறந்தநாள் என்று வீட்டில் எடுத்த வீடியோக்களை ஐமூவியில் வெட்டி ஒட்டுவார்கள், மெனுவில் ஒரு வரியைச் சொடுக்கி ‘கேலரி’யில் ஏற்றுவார்கள், முகவரியை உறவுக்காரர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். சேவை மூடப்பட்டதும் அந்த முகவரிகளைத் திறந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மொபைல்மீக்குப் பதிலாக வந்த ஐகிளவுடில் வீடியோ கேலரி கிடையாது. அதன் ஃபோட்டோ ஸ்ட்ரீம் அப்போது புகைப்படங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது.

கணினியோடு வரும் இயங்குதளத்திலேயே வீடியோவை இணையத்துக்கு அனுப்பும் வசதி இருக்க வேண்டும் என்பது பழைய ஆசை. ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் கூகுளும் சோனியும் ஆளுக்கொரு விதமாக அதைச் செய்து பார்த்தன. பொத்தானை வைப்பது எளிதாகவே இருந்தது. அதை அழுத்தினால் படம் போய்ச் சேரும் இடத்தை நிலைக்க வைப்பதில்தான் ஏறக்குறைய எல்லாரும் தோற்றார்கள். நிறுவனத்தின் வியாபாரக் கணக்கு மாறும்போதெல்லாம் அந்த இடமும் மாறியது. தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் நிறுவனங்களின் வெற்றி தோல்வியாகவே எழுதுகிறார்கள். படம் எடுத்து நம்பிக் கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்தும் இதைப் பார்த்தாக வேண்டும்.

தொடக்கத்தில் அனுப்புவது பற்றிய பேச்சே இல்லை. 1991 டிசம்பரில் ஆப்பிள் குவிக்டைமை வெளியிட்டபோது, கணினித் திரையில் படம் ஓடியதே பெரிய சேதி. தனியாக அட்டை எதுவும் செருகாத சாதாரண மாக்கின்டாஷில் படம் அசைந்தது, ஒலியும் அதோடு ஒத்துப்போனது. புரூஸ் லீக் தலைமையிலான குழு அந்தத் திட்டத்துக்கு உள்ளுக்குள் வைத்திருந்த பெயர் ‘வார்ஹால்’. படத்தின் அளவு பெரும்பாலும் 160-க்கு 120 புள்ளிகள். திரையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அடுத்த ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ‘வீடியோ ஃபார் விண்டோஸ்’ என்று தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது.

இரண்டுக்கும் இடையே மூண்ட சண்டை நீதிமன்றம் வரை போனது. குவிக்டைமை விண்டோஸுக்கு மாற்றித் தரும் வேலையை சான் ஃபிரான்சிஸ்கோ கேன்யன் என்ற சிறு நிறுவனத்திடம் ஆப்பிள் கொடுத்திருந்தது. மைக்ரோசாஃப்டின் வீடியோ மென்பொருளை வேகப்படுத்த இன்டெல் பிடித்ததும் அதே கேன்யன் நிறுவனத்தைத்தான். தன் நிரல்வரிகள் அந்த வழியாக அங்கே போய்விட்டன என்று ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 1997-இல் மைக்ரோசாஃப்ட் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடு செய்தபோது ஏற்பட்ட உடன்பாட்டோடு மற்றச் சச்சரவுகளுடன் இதுவும் அடங்கியது. படத்தை ஓட்டிக் காட்டும் மென்பொருளுக்கே இவ்வளவு மல்லுக்கட்டு என்றால், வருங்காலத்தில் வீடியோதான் கணினியின் முக்கியமான வேலையாகப் போகிறது என்பதை இரு தரப்பும் நன்றாகவே உணர்ந்திருந்தன என்றுதான் அர்த்தம்.

குவிக்டைம் விட்டுச்சென்ற பெரிய சொத்து அதன் கோப்பு வடிவம். படம், ஒலி, எழுத்து, நேரக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் தனித்தனி தடங்களாக வைத்துக்கொள்ளும் அந்த அமைப்பை, எம்பெக்-4 தரத்தின் கோப்புக்கு அடித்தளமாக 1998-இல் தேர்ந்தெடுத்தார்கள். இன்று கைபேசியில் எடுக்கிற எம்.பி.4 கோப்பின் எலும்புக்கூடு அங்கிருந்து வந்தது.

அனுப்பிப் பார்க்கும் ஆவல் பல்கலைக்கழகங்களில் முதலில் முளைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டிம் டோர்சி 1992-இல் சியூ-சீமீ என்ற மென்பொருளை மாக்கின்டாஷுக்கு எழுதினார். கறுப்பு வெள்ளைப் படம், தொடக்கத்தில் ஒலியும் கிடையாது. ஆனாலும் இணையத்தின் வழியே இன்னொரு ஊரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடிந்தது. 1994-இல் விண்டோஸுக்கும் வந்தது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் 1993-இல் வெளியிட்ட இண்டி கணினியோடு ஒரு கேமராவும் சேர்ந்தே வந்தது. இவை எல்லாம் அந்த நேரத்தில் பேசிக்கொள்ள மட்டுமே உதவின. படத்தை ஓரிடத்தில் வைத்து, வேண்டும்போது மற்றவர் வந்து பார்க்க வழியில்லை. 1997-இல் வந்த ரியல்வீடியோ அதற்கு வழி காட்டியது. ஆனால் அதற்குத் தனி சர்வர் வேண்டும். அதை நடத்தத் தெரிந்த ஆளும் வேண்டும். செய்தி நிறுவனங்களுக்கு அது கட்டுப்படியானது. வீட்டில் கேமரா வைத்திருந்த ஒருவருக்கு எட்டவில்லை.

1995-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. டி.வி. என்ற டிஜிட்டல் நாடா வடிவத்தில் வீட்டுக்கான கேம்கார்டர்கள் வந்தன, சோனியின் வி.எக்ஸ்.1000 அவற்றில் பெயர் பெற்றது. கேமராவையும் கணினியையும் ஒரே கம்பியில் இணைக்கும் ஃபயர்வயர், ஐ.இ.இ.இ. 1394 என்ற தரமாக ஏற்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 5 அன்று, ஸ்டீவ் ஜாப்ஸ் ஐமாக் டி.வி.யை அறிமுகப்படுத்தினார். விலை 1,299 டாலர். இரண்டு ஃபயர்வயர் துளைகள். உள்ளே ஐமூவி என்ற எடிட்டிங் மென்பொருள், இலவசம். அதை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கிளென் ரீட், முன்பு அடோபியில் இருந்தவர். பதிவான நாடாவைக் கேமராவில் வைத்துக் கம்பியைச் செருகினால், ஐமூவியே நாடாவை ஓடவிட்டு ஒவ்வொரு காட்சியையும் தனித்தனி துண்டாகப் பிரித்து அடுக்கிவிடும். வேண்டாததைக் குப்பையில் போட்டு, வேண்டியதைக் கோத்து, தலைப்பு வைத்தால் படம் தயார். அதுவரை எடிட்டிங் அறைக்குள்ளேயே இருந்த ஒரு கலையை வரவேற்பறைக்குக் கொண்டுவந்த மென்பொருள் என்று ஐமூவியைச் சொன்னால் மிகையாகாது.

படம் தயாரானபின் என்ன செய்வது? ஒரு மணி நேர டி.வி. நாடாவைக் கணினியில் இறக்கினால் சுமார் 13 ஜிகாபைட் பிடிக்கும். அந்த ஐமாக்கின் வட்டு மொத்தமே 10 ஜிகாபைட்தான். திரும்பவும் நாடாவிலேயே பதிந்து வைத்துக்கொள்வதுதான் பலருக்கு வழியாக இருந்தது. ஆப்பிள் மூன்றே மாதத்தில் ஒரு விடை வைத்திருந்தது. 2000 ஜனவரி 5 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ மாக்வேர்ல்டு மேடையில் ஐடூல்ஸ் வெளியானது. மாக் ஓ.எஸ். 9 வைத்திருப்பவருக்கு ஆப்பிளின் சர்வரில் 20 மெகாபைட் இடம், இலவசமாக. அந்த இடத்துக்கு ஐடிஸ்க் என்று பெயர். மேசைத்திரையில் இன்னொரு வட்டுபோலவே அது தோன்றும். அதிலுள்ள ‘மூவிஸ்’ உறையில் படத்தை இழுத்துப் போட்டால் போதும். ஹோம்பேஜ் என்ற பகுதியில் ஒரு பக்க வார்ப்பைத் தேர்ந்தெடுத்தால், படத்துக்கென ஒரு வலைப்பக்கம் உருவாகிவிடும். சர்வர், முகவரி, கோப்புரிமை என்று எதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. இயங்குதளத்தோடு பிணைந்த வீடியோ பகிர்வு என்று முழு அர்த்தத்தில் சொல்லத்தக்க முதல் முயற்சிகளில் இது ஒன்று.

20 மெகாபைட் என்பது கேமராவிலிருந்து வரும் டி.வி. படத்தில் ஐந்தாறு வினாடி. அதனால் படத்தைச் சிறிதாக்கி, தரத்தைக் குறைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சுருக்க வேண்டியிருந்தது. அதையும் டயல்-அப் மோடத்தில் ஏற்ற வேண்டும். அக்கால 56கே மோடம் இறக்கும்போதுதான் அந்த வேகம் காட்டும். ஏற்றும்போது அதிகபட்சம் வினாடிக்கு 33.6 கிலோபிட். அந்த வேகத்தில் ஐடிஸ்க்கை நிரப்ப ஏறத்தாழ எண்பது நிமிடம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் வீட்டுத் தொலைபேசியில் யாரும் பேச முடியாது. அப்படியும் ஏற்றினார்கள்.

அதே 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் மீ வெளியானது. நிலையில்லாமல் அடிக்கடி முடங்கியதற்காக இன்றும் திட்டு வாங்கும் அந்த இயங்குதளத்தில்தான் விண்டோஸ் மூவி மேக்கர் முதலில் வந்தது. ஐமூவியோடு ஒப்பிட்டால் எளிய கருவி. ஆனால் முதல் பதிப்பிலேயே படத்தை மின்னஞ்சலில் அனுப்பவும் வலை சர்வருக்கு அனுப்பவும் கட்டளைகள் இருந்தன. 2001-இல் எக்ஸ்.பி.யோடு அது உலகம் முழுக்கப் பரவியது. 2003-இல் வந்த இரண்டாம் பதிப்பு கேள்வி கேட்டு வழிகாட்டும்: படத்தைக் கணினியில் வைப்பதா, குறுந்தகட்டிலா, கேமராவிலா, வலையிலா? வலை என்றால் நெப்டியூன் போன்ற வெளி நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் திறந்து ஏற்றலாம். சொந்த இடம் ஒன்று கட்டாமல் மற்றவர் இடத்துக்கு வழி மட்டும் போட்டுக்கொடுத்த மைக்ரோசாஃப்டின் அணுகுமுறை அப்போது சோம்பலாகத் தெரிந்தது. பின்னால் நடந்ததை வைத்துப் பார்க்கும்போது, அதில் ஒரு நல்ல விதை இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

விதை முளைக்கவில்லை. காரணம், கோப்பு வடிவம். மூவி மேக்கர் இணையத்துக்கென்று தரும் படம் விண்டோஸ் மீடியா வடிவத்தில் மட்டுமே வரும். ஐமூவி தருவது குவிக்டைம். மாக்கில் ஏற்றிய படத்தை விண்டோஸ்காரர் பார்க்க வேண்டுமானால் குவிக்டைமைத் தனியே இறக்கி நிறுவ வேண்டும். மறுபக்கமும் இதே கதை. அனுப்புகிறவர் படும் பாட்டைவிடப் பார்க்கிறவர் படும் பாடு பெரிதாக இருந்தது. இதற்கிடையில் விண்டோஸோடு மீடியா பிளேயரைச் சேர்த்தே விற்பது சந்தையைக் கெடுக்கிறது என்று 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் தீர்ப்பளித்து 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. மீடியா பிளேயர் இல்லாத ‘எக்ஸ்.பி. என்’ என்ற பதிப்பே அதனால் பிறந்தது. இயங்குதளத்துக்குள் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பது அதற்குப் பிறகு வெறும் பொறியியல் கேள்வியாக இருக்கவில்லை.

ஆப்பிளின் இடமோ இதற்குள் விலைக்குப் போயிருந்தது. 2002 ஜூலை 17 அன்று ஐடூல்ஸின் பெயர் டாட் மாக் என்று மாறியது. ஆண்டுக் கட்டணம் 99.95 டாலர். இலவசக் கணக்கு வைத்திருந்தவர்களுக்குச் செப்டம்பர் 30 வரை கெடு. கட்டினால் நூறு மெகாபைட். கட்டாவிட்டால் கணக்கு போய்விடும், ஏற்றிய படமும் போய்விடும். இணையப் பெருவீழ்ச்சிக்குப் பின் இலவச சேவைகளை நடத்த முடியாமல் நிறுவனங்கள் திணறிய காலம் அது என்பது உண்மைதான். ஆனால் இலவசம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்ட குடும்பப் படங்களுக்கு இரண்டரை மாதக் கெடு கொடுத்தது நியாயமான நடத்தை ஆகாது.

யூடியூப் இந்த இடைவெளியில்தான் நுழைந்தது. பேபாலில் வேலை பார்த்த சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவித் கரீம் மூவரும் 2005 பிப்ரவரியில் அந்த முகவரியைப் பதிவு செய்தார்கள். ஏப்ரல் 23 அன்று சான் டியேகோ விலங்குப் பூங்காவில் யானைகளின் முன் கரீம் நின்று பேசும் 19 வினாடிப் படம் முதலில் ஏறியது. அவர்கள் செய்த அடிப்படையான மாற்றம், கோப்பு மாற்றும் வேலையைப் பயனரின் கணினியிலிருந்து சர்வருக்கு நகர்த்தியது. எந்த வடிவத்தில் கொடுத்தாலும் தளம் வாங்கிக்கொள்ளும்; தானே மாற்றிக்கொள்ளும். பார்க்கிறவருக்கு ஃபிளாஷ் என்ற செருகுநிரல் இருந்தால் போதும். அது அநேகமாக எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருந்தது. மாக்கா விண்டோஸா என்ற கேள்வியே எழவில்லை. பதினெட்டு மாதத்தில் கூகுள் 165 கோடி டாலருக்கு அதை வாங்கியது. மைக்ரோசாஃப்ட் 2006 செப்டம்பரில் சோப்பாக்ஸ் என்ற போட்டித் தளத்தைச் சோதனைக்குத் திறந்தது. 2009 ஆகஸ்டில் மூடிவிட்டது.

இயங்குதளக்காரர்கள் பிறகு செய்தது, எதிராளியின் பெயரைத் தங்கள் மெனுவுக்குள் எழுதியது. 2007 ஆகஸ்டில் ரேண்டி உபில்லோஸ் புதிதாக எழுதிய ஐமூவி ’08 வந்தது. பழைய ஐமூவியின் காலவரிசை இல்லை என்று அதை விரும்பாதவர்கள் ஏராளம். அவர்களுக்காக முந்தைய பதிப்பை ஆப்பிள் இலவசமாகத் தர வேண்டியதாயிற்று. ஆனால் அதன் பகிர்வு மெனுவில் டாட் மாக் கேலரியோடு யூடியூப்பும் இருந்தது. அதே ஆண்டு கேசியோ தன் எக்ஸிலிம் கேமராக்கள் இரண்டில் ‘யூடியூப் முறை’ என்ற ஒன்றை வைத்தது. கூகுளோடு எல்ஜி கைகோத்து, கைபேசியிலிருந்து நேரடியாக ஏற்ற வழி செய்தது.

அந்த ஆண்டின் மிகச் சுவையான கருவி ஃபிளிப். ப்யூர் டிஜிட்டல் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ நிறுவனம் செய்த, சட்டைப் பையில் அடங்கும் கேம்கார்டர். சிவப்புப் பொத்தான் ஒன்றை அழுத்தினால் பதிவாகும். பக்கவாட்டில் மடித்து வைத்திருந்த யு.எஸ்.பி. முனையை நிமிர்த்திக் கணினியில் செருகினால், படம் வெட்டவும் யூடியூப்பில் ஏற்றவும் வேண்டிய மென்பொருள் கேமராவுக்குள்ளிருந்தே ஓடும். விண்டோஸ் என்ன தருகிறது, மாக் என்ன தருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கவே தேவையில்லை. இயங்குதளம் செய்யத் தவறியதைக் கேமராவே சுமந்துகொண்டு வந்தது. சிஸ்கோ 2009-இல் 59 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கியது. 2011 ஏப்ரலில் ஃபிளிப் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்குள் கேமரா கைபேசிக்குள் குடியேறிவிட்டது.

2007 ஜூனில் வந்த முதல் ஐஃபோனிலேயே யூடியூப் செயலி இருந்தது. அதை எழுதியது ஆப்பிள். ஐஃபோனில் ஃபிளாஷ் ஓடாது என்பதால், யூடியூப் தன் படங்களை எச்.264 வடிவத்துக்கு மாற்றத் தொடங்கியது. ஃபிளாஷின் வீழ்ச்சிக்கு அது ஒரு தொடக்கம். ஆனால் அந்த ஐஃபோனில் பார்க்க மட்டுமே முடியும். வீடியோ எடுக்கவே முடியாது. முந்திக்கொண்டது ஆண்ட்ராய்டு: 2009 ஏப்ரலில் வந்த 1.5 பதிப்பான கப்கேக், வீடியோ பதிவையும் யூடியூப் பதிவேற்றத்தையும் ஒன்றாகக் கொடுத்தது. ஜூன் 19-இல் ஐஃபோன் 3ஜிஎஸ் வந்தது. படம் எடுத்து, இரு முனையையும் விரலால் இழுத்து நீளம் குறைத்து, அப்படியே யூடியூப்புக்கோ டாட் மாக்கின் இடத்தில் வந்திருந்த மொபைல்மீக்கோ அனுப்பலாம். அந்தக் கைபேசி கடைக்கு வந்த ஒரு வாரத்துக்குள், கைபேசி வழிப் பதிவேற்றம் நாளொன்றுக்கு 400 சதவீதம் கூடியிருப்பதாக யூடியூப் அறிவித்தது. கம்பி, நாடா, மென்பொருள் நிறுவல், கோப்பு மாற்றம் என்று பத்தாண்டாக இருந்த படிகள் எல்லாம் ஒரே பொத்தானுக்குள் ஒடுங்கியபோது மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அந்த எண் சான்று.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மாக் ஓ.எஸ். ஸ்னோ லெப்பர்டு, குவிக்டைம் பிளேயரைப் புதிதாக்கியது. திரையில் நடப்பதைப் பதிவு செய்யவும், பதிந்ததை யூடியூப்புக்கு அனுப்பவும் அதில் வழி இருந்தது. கணக்குப் போட்டுக் காட்டவும் மென்பொருள் கற்றுக்கொடுக்கவும் விரும்பிய ஆசிரியருக்கு வேறு எதையும் விலைக்கு வாங்கத் தேவையில்லாமல் போனது. இந்தக் கதையில் பெரிதாகப் பேசப்படாத, ஆனால் நிஜமாகவே பயன் தந்த வசதி இது.

விண்டோஸ் எதிர்த்திசையில் நடந்தது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7-இல் மூவி மேக்கர் இல்லை. இயங்குதளம் இலகுவாக இருக்க வேண்டும், இத்தகைய மென்பொருள்களைத் தனியே விரைவாகப் புதுப்பிக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் ஓராண்டு முன்பே காரணம் சொல்லியிருந்தது. வேண்டியவர்கள் விண்டோஸ் லைவ் மூவி மேக்கரை இறக்கிக்கொள்ளலாம். அதில் யூடியூப்பும் ஃபேஸ்புக்கும் பொத்தான்களாக இருந்தன. இறக்கிக்கொள்ளும் அந்தப் பதிப்புக்கும் 2017 ஜனவரி 10 அன்று முடிவு கட்டப்பட்டது.

கூகுளும் ஆப்பிளும் கைபேசிச் சந்தையில் எதிரிகளானபின், ஐஃபோனுக்குள் யூடியூப் எத்தனை நாள் இருக்கும் என்பதே கேள்வியாக இருந்தது. 2012 ஆகஸ்டில் உரிம ஒப்பந்தம் முடிந்துவிட்டதாக ஆப்பிள் சொன்னது. செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 6-இல் அந்தச் செயலி இல்லை. கூகுள் தன் சொந்தச் செயலியைக் கடையில் வைத்தது. மொபைல்மீ மூடிய இருபத்தைந்தாம் நாள் வெளிவந்த மவுண்டன் லயன், மாக் கணினியில் ‘பகிர்’ பொத்தானை இயங்குதளம் முழுக்கப் பரப்பியது. அதில் விமியோ புதிதாக இடம் பெற்றது. சீனாவில் விற்கும் கணினிகளுக்கு யோகு, டுடோ என்ற அந்நாட்டுத் தளங்கள். கணினியின் அமைப்புப் பகுதியிலேயே ஒருமுறை கணக்கைக் கொடுத்துவிட்டால் எந்த மென்பொருளிலிருந்தும் ஏற்றலாம். நல்ல ஏற்பாடுதான். ஐந்தாறு ஆண்டு நீடித்தது. 2017-இல் ஐ.ஓ.எஸ். 11, மறு ஆண்டு மாக் ஓ.எஸ். மொஹாவே என்று இரண்டிலும் ட்விட்டர், ஃபேஸ்புக், ஃபிளிக்கர், விமியோ கணக்குகள் அடியோடு நீக்கப்பட்டன.

மொபைல்மீ கேலரியில் இருந்தவை என்ன ஆயின? ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு, மூடும் நாள் வருமுன் அதன் பொதுப் பக்கங்களை இரவு பகலாகப் படியெடுத்தது. 200 டெராபைட்டுக்கு மேல் சேர்ந்த அந்தத் தொகுப்பு இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கிறது. எந்த நிறுவனமும் கேட்டுக்கொள்ளாமல், யாரும் கூலி கொடுக்காமல் நடந்த வேலை இது; முன்பின் தெரியாதவர்களின் பிறந்தநாள் விழாக்களைக் காப்பாற்றியவர்களுக்கு உரிய நன்றியை இன்னும் யாரும் சரியாகச் சொல்லவில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்த கேலரிகள் அவர்கள் கைக்கும் எட்டவில்லை. குடும்பத்தார் மட்டும் பார்க்கட்டும் என்று பூட்டியவைதான் மிக அருமையான படங்களாக இருந்திருக்கும்.

நிலைத்து நின்ற ஏற்பாடு வேறொரு மூலையில் இருந்து வந்தது. ஆண்ட்ராய்டை எழுதியவர்கள் முதல் பதிப்பிலேயே ‘இன்டென்ட்’ என்ற முறையை வைத்திருந்தார்கள். ஒரு செயலி, “என்னிடம் ஒரு வீடியோ இருக்கிறது, யார் வாங்கிக்கொள்கிறீர்கள்?” என்று இயங்குதளத்திடம் கேட்கும். வாங்கிக்கொள்ளத் தெரிந்த செயலிகளின் பெயர்களை இயங்குதளம் வரிசையாகக் காட்டும். யூடியூப்பும் அங்கே ஒரு பெயர். நேற்று நிறுவிய, யாருமறியாத செயலியும் ஒரு பெயர். கேமரா செயலியை எழுதியவருக்கு அந்தப் புதிய செயலி இருப்பதே தெரியாது, தெரியவும் தேவையில்லை. யாரோடும் ஒப்பந்தம் போட வேண்டியதில்லை, ஒப்பந்தம் முடிந்தது என்று பெயரை அழிக்கவும் வேண்டியதில்லை. விண்டோஸ் 8 இதே எண்ணத்தை 2012 அக்டோபரில் திரையின் வலது ஓரத்தில் வைத்தது. ஆப்பிள் 2014 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 8-இல்தான் தன் பகிர்வுப் பட்டியலை வெளிச் செயலிகளுக்குத் திறந்துவிட்டது. அதற்கு முன், யாருக்கு அனுப்பலாம் என்பதை ஆப்பிளே தீர்மானித்தது.

திறந்த அந்தக் கதவின் வழியே வாட்ஸ்அப் வந்தது. வீட்டு வீடியோவின் போக்கை யூடியூப்பைவிட அதிகமாக மாற்றியது அதுதான். உலகத்துக்குக் காட்ட விரும்பாமல் பத்துப் பேருக்கு மட்டும் காட்ட விரும்பிய படத்துக்கு, ஐடூல்ஸ் காலத்திலிருந்தே சரியான இடம் கிடைக்காமல் இருந்தது. வாட்ஸ்அப் பல ஆண்டுகளாக வீடியோவுக்கு 16 மெகாபைட் எல்லை வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டின் ஐடிஸ்க்கைவிடக் குறைவு. ஏற்றும் நேரம் நிமிடங்களிலிருந்து வினாடிகளுக்கு இறங்கிவிட்டதால் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

விளையாட்டுக் கருவிகளில் கதை இன்னொரு முறை நடந்தது. சோனி 2013 நவம்பரில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 4-இன் கைப்பிடியிலேயே ‘ஷேர்’ என்று எழுதிய பொத்தான் இருந்தது. ஆடிக்கொண்டிருக்கும்போது கருவி ஓயாமல் பதிந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் கடைசிப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். வெற்றி பெற்றபின், ‘ஐயோ, பதிவு செய்யவில்லையே’ என்று வருந்தத் தேவையில்லை. ட்விட்ச்சில் நேரலையும் செய்யலாம். யூடியூப்புக்கு அனுப்பும் வழி மட்டும் 2014 அக்டோபரில்தான் வந்தது.

மைக்ரோசாஃப்ட் நேரலைக்குத் தனக்கே ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தது. மாத்யூ சல்சமெண்டி, ஜேம்ஸ் போம் என்ற இரண்டு இளைஞர்கள் 2016 தொடக்கத்தில் திறந்த பீம் தளத்தை அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வாங்கியது. அதன் நுட்பம் உண்மையிலேயே அருமை. மற்ற நேரலைகளில் ஆடுகிறவர் செய்வது பார்க்கிறவருக்குப் பல வினாடி தாமதமாகத் தெரியும். பீமில் ஒரு வினாடிக்கும் குறைவு. பார்க்கிறவர்களே ஆட்டத்துக்குள் தலையிடலாம். 2017 ஏப்ரலில் விண்டோஸ் 10-இன் கிரியேட்டர்ஸ் அப்டேட்டில் அதைச் சேர்த்தார்கள். விண்டோஸ் விசையோடு ஜி-யை அழுத்தினால் வரும் பட்டையிலிருந்து, வேறெதையும் நிறுவாமல் உலகத்துக்கு நேரலை. மே மாதம் பெயர் மிக்ஸர் என்று மாறியது. 2020 ஜூன் 22 அன்று மூடப்போவதாக அறிவித்து, ஜூலை 22 அன்று மூடினார்கள். ஒரு மாதம்தான் அவகாசம். அங்கே தொழில் நடத்தியவர்களை ஃபேஸ்புக் கேமிங் பக்கம் போகச் சொன்னார்கள். கோடிக்கணக்கான கணினிகளில் பொத்தான் இருந்தும் இடம் மூன்றாண்டு சொச்சம்தான் தாக்குப்பிடித்தது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2013-இல் தொடங்கப்பட்ட கிளிப்சாம்ப் நிறுவனத்தை வாங்கியது. 2022-இல் அது விண்டோஸ் 11-ஓடு சேர்ந்து வரத் தொடங்கியது. மூவி மேக்கர் போனபின் காலியாக இருந்த இடம் நிரம்பியது. வெட்டிக் கோத்த படத்தை அதிலிருந்து யூடியூப், டிக்டாக், லிங்க்டுஇன், கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் என்று பல இடங்களுக்கு அனுப்பலாம். அவற்றில் லிங்க்டுஇன்னும் ஒன்டிரைவும் மைக்ரோசாஃப்டுக்கே சொந்தம். ஏற்றுமதி என்று சொடுக்கியதும் முதலில் நடப்பது வேறு: படம் எம்.பி.4 கோப்பாகப் பயனரின் சொந்தக் கணினியில் இறங்குகிறது. எங்கே ஏற்றுவது என்ற பட்டியல் அதன் பக்கத்தில் நிற்கிறது.